நாற்பதாவது கோடு

ஜனவரி 1, வியாழன்

சிமெண்டு கடைக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் அவருடைய கடை, இரண்டாம் பக்கத்தில் அவருடைய முகம், மூன்றாம் பக்கத்தில்தான் எனக்கு இடம். பெயர்: திருமேனிநாதன். வேலை: தலைமை வரைவாளர், நெடுங்கரை நகராட்சி. ரத்த வகை கேட்டிருக்கிறது. எழுதவில்லை. இந்த ஊரில் எனக்கு ரத்தம் கொடுக்க எவனும் வரப்போவதில்லை.

ஜூன் முப்பதில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ஒரே ஒரு நல்ல காரியம் பாக்கி. நகராட்சிக்கு இது நூற்றைம்பதாவது ஆண்டு. குடியரசு தினத்தன்று விழா. ஊர்ச் சின்னத்துக்கு நிறம் தந்தவன் என்று எனக்குப் பட்டுச் சால்வை, விழா மலரில் முழுப் பக்கம். ‘செவ்வானமும் பொன்மணலும்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். கேடயத்தின் மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள், நடுவில் கோட்டை. 1994-இல் நான் தீட்டியது. இன்று குப்பை வண்டியிலிருந்து பள்ளிக்கூட டை வரை இந்த ஊரில் எதை எடுத்தாலும் அந்த இரண்டு நிறம்தான்.

முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு சால்வை. போகட்டும், வருகிறதே.

ஜனவரி 2, வெள்ளி

ஆணையர் ஜெயசீலி மேடம் என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்திருக்கிறார். கடைத்தெரு அலங்கார வளைவில் சின்னத்தைப் பெரிதாகத் தீட்ட வேண்டுமாம். பழைய பித்தளை முத்திரை அச்சை பீரோவிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, கணினியில் வரையச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் என்றால் பூங்கோதை. நான்கு மாதம் முன்பு வந்த இளநிலை வரைவாளர், இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. எங்கள் பிரிவுக்குக் காலனியிலிருந்து வந்த முதல் ஆள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. டீ டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றால் அது சுத்தத்துக்காக. முன்பெல்லாம் அதற்குத் தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

பென்சில் சீவத் தெரியாது அவளுக்கு. டிசம்பரில் பழைய வரைபட அலமாரியை அடுக்கச் சொன்னேன். நாற்பது வருடத் தூசி. இரண்டு நாள் தும்மிவிட்டு மாற்றல் கேட்பாள் என்று பார்த்தால், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லா இழுப்பறையையும் முடித்துப் பட்டியலும் போட்டுவிட்டாள்.

அந்த அச்சை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துலக்குவது நான்தான். வேறு யாராவது கை வைத்தால் கெடுத்துவிடுவார்கள்.

ஜனவரி 5, திங்கள்

காலை பத்து மணிக்குள் என் நாள் பாழ்.

அவள் ஆணையருக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறாள். எனக்கு நகல். அச்சில் கேடயத்தின் மேல் பாதி முழுவதும் மெல்லிய படுக்கைக் கோடுகளாம். கீழ்ப் பாதியில் புள்ளிகளாம். வண்ணத்தில் அச்சடிக்க வழியில்லாத காலத்தில் ஐரோப்பியச் செதுக்குக்காரர்கள் நிறங்களைக் கோடுகளால் குறித்தார்களாம். நெட்டுக்கோடு என்றால் சிவப்பு. படுக்கைக்கோடு என்றால் நீலம். புள்ளி என்றால் பொன். ஆகவே 1876-இல் சீமையில் செதுக்கி வந்த முத்திரைப்படி நெடுங்கரையின் நிறம் மேலே நீலம், கீழே பொன். சிவப்பு எங்கேயும் கிடையாது. இரண்டு பக்கம், ஒரு எழுத்துப்பிழை இல்லை. தேடிப் பார்த்தேன்.

பிறகு நேரிலும் வந்தாள்.

“சார், தொண்ணூத்து நாலுல நீங்க கலர் கொடுக்கறப்ப இந்தக் கோடெல்லாம் பார்த்தீங்களா?”

“எந்தக் கோடு?”

“அச்சுல இருக்கறது சார். ரொம்பத் தேஞ்சு போயிருக்கு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது.”

“செதுக்கினவன் அழகுக்குப் போட்டிருப்பான். போய் வேலையப் பாரும்மா.”

“சரிங்க சார்.”

எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை சொல்லலாம். ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன செய்வது?

ஜனவரி 7, புதன்

செய்தி வெளியே போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மைத்துனன் வேல்ராசுவிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஜனவரி 8, வியாழன்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சிவப்பும் மஞ்சளும் எங்கள் மேலத்தெருத் திருவிழாக் கொடி. நீலம் காலனிக் கொடி. எங்கள் ஊர் மின்கம்பத்தைப் பார்த்தே இது யார் எல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் ஊரின் சின்னமே நீலம் என்று ஒருத்தி எழுதிவைத்தால் என்ன ஆகும்?

ஆயிற்று. காலையில் காலனி மதகு நீலமும் மஞ்சளுமாக நின்றது. மதியத்துக்குள் எங்கள் தெருப் பையன்கள் பேருந்து நிழற்குடையில் சிவப்பை அப்பிவிட்டார்கள். உட்கார்ந்திருந்த ஒருவரின் வேட்டியிலும் அப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கல் விழுந்தது. சாயங்காலம் கடைத்தெரு முக்கில் போலீஸ் வேன்.

வேல்ராசு வீட்டுக்கே வந்துவிட்டான். நகர்மன்றத் துணைத் தலைவன், என் மனைவி சொர்ணவல்லிக்குப் பெரியப்பா மகன். 1994-இல் சேர்மனாக இருந்த மாசிலாமணி அவனுடைய அப்பா. எனக்கு வேலையை நிரந்தரம் செய்து கொடுத்தவரும் அவர்தான்.

“மச்சான், நேராக் கேக்கிறேன். அந்தக் கோடு நெசமாவே இருக்கா?”

“தேய்ந்துபோன பித்தளை. ஒருத்தர் காம்பஸ் முனையால கீறினாலும் கோடுதான்” என்றேன்.

“அந்தப் பொண்ணு கீறியிருக்குங்கிறீங்க.”

“கீறியிருக்கலாம்னு சொல்றேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். கீறினாள் என்று நான் சொல்லவே இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

அவளுக்குப் பதினேழு பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்துவிட்டது. புராதன முத்திரையைச் சேதப்படுத்தியது, பொய்யான குறிப்பு எழுதி ஊரில் கலவரம் உண்டாக்கியது. 23-ஆம் தேதி ஆணையர் அறையில் விசாரணை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவளுக்கு நிரூபணமானால் வேலை அத்தோடு போயிற்று. இனி வேறு அரசு வேலையும் கிடைக்காது.

காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கண் காய்ந்துதான் இருந்தது.

“சார், நான் இங்க வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் அந்த அச்சைப் பார்த்து வரைஞ்ச காப்பி இருந்தா, அதுல கோடு இருந்தா, நான் கீறலைன்னு ஆயிடும். அப்படி எதுவும் இருக்கா சார்?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“இல்லைன்னா இல்லை. எத்தனை தடவை சொல்றது?”

நான் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மாதக் கடைசி வரை வரும் என்று வாங்கிய துவரம்பருப்பில் வண்டு. மொட்டை மாடியில் காயவைத்தோம்.

சொர்ணவல்லி புடைத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அந்தப் புள்ள பித்தளையக் கீறிடுச்சுன்னு பேசிக்கிறாங்களே. நீங்கதானே வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பையில உப்புத்தாள் எடுத்துட்டுப் போவீங்க? பித்தளைக்குப் புளி போதாதான்னு நான்கூடக் கேட்டிருக்கேன்.”

“உனக்கு என்ன தெரியும்? பருப்பைப் பார்.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் களிம்பு புளிக்குப் போகாது. உப்புத்தாள்தான் போட வேண்டும். மேல் பாதியில் களிம்பு அதிகம் பிடிக்கும். அதனால் மேல் பாதியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருப்பேன்.

ஜனவரி 13, செவ்வாய்

நாளை போகி. எல்லோரும் பழையதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் வெளியே போனபிறகு, பதினான்காவது இழுப்பறையைத் திறந்தேன்.

அது அங்கே இல்லை.

என்ன என்று எழுதத்தான் வேண்டும். இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்? ஒரு டிரேசிங் தாள். 1994-இல் வண்ணம் தீட்டும் முன்பு, அச்சை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, இருந்தது இருந்தபடி நான் எடுத்த பிரதி. கோடுகளோடு. புள்ளிகளோடு. அதற்கென்றே மெட்ராஸ் போய் ஒரு நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று படித்துவந்து ஓரத்தில் குறித்தும் வைத்தேன். மாசிலாமணியிடம் காட்டியபோது அவர் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். அந்த வாரம்தான் என் நிரந்தர உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்கு இருந்தது.

மறுநாள் செவ்வானம் பொன்மணல் என்று ஒரு கதை கட்டிக்கொண்டு போனேன். நல்ல கதை. இன்றைக்கும் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள்.

தாளை அன்றே கிழித்திருக்க வேண்டும். கிழிக்க மனம் வரவில்லை. அந்த மாதிரி ஒரு வேலை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. ஒரு பழைய சாக்கடை வரைபடத்துக்கு அடியில் செருகிவைத்தேன். சாக்கடை வரைபடம் இருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லை.

கரையான் தின்றிருக்கும்.

ஜனவரி 14, புதன். போகி

விடியற்காலையில் கிழிந்த பாய், ஒரு முறம், மூன்று பழைய டைரிகள். எரிக்க வேண்டியது எரியவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பால் நன்றாகப் பொங்கியது. வேல்ராசு ஒரு கட்டுக் கரும்போடு வந்தான்.

“மச்சான், சால்வை காஞ்சிபுரத்துல சொல்லியாச்சு. சிவப்பு உடம்பு, மஞ்சக் கரை. விசாரணையில நீங்க அதிகம் பேசவேணாம். அது ஏதாச்சும் பழைய தாள் கீள் நீட்டுச்சுன்னா, ‘இதை நான் பார்த்ததே இல்லை’ன்னு ஒரே ஒரு வார்த்தை. மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்.”

“தாள் ஏதாவது இருக்குன்னு சொன்னாங்களா?”

“இருந்தா சொல்றேன்.”

சொர்ணவல்லி அவனுக்குப் பொங்கல் வைத்தாள். எனக்கு வைக்கும்போது நெய் ஊற்ற மறந்துவிட்டாள். ஒருநாளும் மறக்கிறவள் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

அலுவலகத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. அவள் வந்தால் பேச்சு நிற்கிறது. மதியம் தன் இடத்திலேயே திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். எலுமிச்சைச் சாதம், ஒரு அப்பளம். அவள் நாற்காலியில் எவனோ சிவப்புப் பெயிண்டைத் தடவி வைத்திருந்தான். பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். ஸ்டூல் என்னுடையது.

வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் வளைவுப் படத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். பின்னால் நடந்து போகும்போது பார்த்தேன். கோட்டை மதிலின் கல் அடுக்கு சரியாக இருக்கிறது. நான் 1994-இல் அதில் ஒரு அடுக்கை விட்டுவிட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று எழுதினாலும் தப்பில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆணையர் அறையில் ஐந்து பேர். மேடம், வேல்ராசு, நான், அவள், பதிவு செய்யத் தட்டச்சர். பித்தளை அச்சு மேசை நடுவில் ஒரு வெள்ளைத் துணிமேல் இருந்தது.

“அச்சுல கோடு இருக்கு, பார்த்தேன். அது முன்னாடியே இருந்ததுன்னு எப்படி நிரூபிப்பீங்க?” என்று மேடம் கேட்டார்.

அவள் பையிலிருந்து ஒரு அட்டைக் குழலை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு தாளை விரித்தாள். முழுதும் விரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரம் மஞ்சள் பட்டிருந்தது. மற்றபடி நான் வைத்தது வைத்தபடி. ஓரத்தில் வரைவாளர்கள் எல்லோரும் எழுதுகிற கட்டை எழுத்தில் ‘படுக்கைக்கோடு - நீலம், புள்ளி - பொன்’. கையெழுத்து இல்லை. தேதி இல்லை. மாசிலாமணிக்குப் பயந்து இரண்டையும் போடவில்லை.

“பதினாலாவது இழுப்பறையில இருந்துச்சுங்க மேடம். டிசம்பர்ல அடுக்கச் சொன்னாங்கல்ல, அப்ப எடுத்தது. பட்டியல்ல நூத்தியெட்டாவது.”

டிசம்பர். அப்படியென்றால் ஒன்பதாம் தேதி என்னிடம் வந்து ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்’ என்றபோது தாள் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

வேல்ராசு சிரித்தான். “பட்டியல் போட்டதும் அதுதான், தாள் போட்டதும் அதுதான். கம்ப்யூட்டர்ல அடிச்சு டீத்தண்ணியில முக்கி எடுத்தா பழசாயிடும். எங்க மச்சான் இருக்காரு, முப்பத்திரண்டு வருசம் வரைஞ்சவரு. அவரே சொல்லட்டும்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க சார். இந்தத் தாளை நீங்க பார்த்திருக்கீங்களா?”

இதை நான் பார்த்ததே இல்லை. நான்கு சொல். பொங்கலிலிருந்து தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துவைத்தது. வாயைத் திறந்தேன். வந்துவிட்டிருக்கும். ஆனால் வேல்ராசுவுக்குப் பொறுமை கிடையாது. அவனுடைய அப்பாவுக்கும் கிடையாது.

“அவரு எதுக்கு, நீங்களே பாருங்க மேடம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கா? இந்த ஊர்ல எவன் கையால இப்படி வரும்? அம்புட்டும் மிஷின் வேலை.”

“மிஷினா?” என்றேன்.

“விடுங்க மச்சான், நீங்க...”

“மிஷினாடா? எதுடா மிஷின்? ஒரு அங்குலத்துக்குள்ள நாப்பது கோடு. ஒரு கோடு போடுறவரைக்கும் மூச்சைப் பிடிக்கணும். முடிச்சுட்டு விடணும். ஆறு தாள் பாழாப் போயி ஏழாவதுல வந்தது. பதினோரு நாள்! ‘நீலம்னு வெளிய சொன்னா உன் ஆர்டரைக் கிழிச்சுடுவேன்’னு உங்கப்பன் சொன்னானே, அதுக்கு முந்தின வாரம் போட்டது. இந்த ஊர்ல எவன் கையால வருமா? இந்தக் கைடா. பாரு. நல்லாப் பாரு.”

கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“இதெல்லாம் அடிக்கவா மேடம்?” என்று தட்டச்சர் கேட்டார்.

“அடிங்க. ஒண்ணும் விடாம அடிங்க.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தாளின் ஓரம் சுருளாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 24, சனி

வீட்டு வாசலில் சிவப்புப் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் சொர்ணவல்லியும் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தோம்.

“எங்க பெரியப்பாவை அவன் இவன்னு பேசினீங்களாமே.”

“ஆமாம்.”

துணியைப் பிழிந்துவிட்டு, “முப்பது வருசம் லேட்டு” என்றாள்.

ஊர் முழுக்க என்னை நல்லவன் என்கிறது ஒரு பாதி, துரோகி என்கிறது ஒரு பாதி. இரண்டும் பொய். நான் அவளைக் காப்பாற்றப் பேசவில்லை. அவளுக்கும் அது தெரியும். என்னிடம் நியாயம் கேட்டால் கிடைக்காது என்று ஒன்பதாம் தேதியே கண்டுகொண்டாள். தாளை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். என் வேலையை எவனாவது பழித்தால் நான் தாங்கமாட்டேன் என்று நான்கே மாதத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றினார்கள். சால்வை வரவில்லை. வளைவை வெள்ளைத் துணியால் மூடிவைத்திருக்கிறார்கள். விழா மலர் அடுத்த மாதம்தான். எந்த நிறத்தைப் போட்டாலும் கல் விழும் என்பதால் மேடம் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். மலரிலும் வளைவிலும் நிறமே வேண்டாம், அச்சில் உள்ளபடி கருப்புக் கோடும் புள்ளியும் மட்டும். “படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்” என்றாராம். இப்போது ஊரில் பால்காரருக்குக்கூடப் படுக்கைக்கோடு என்றால் என்ன நிறம் என்று தெரியும்.

ஜனவரி 29, வியாழன்

அவளுடைய குறிப்பாணையை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது எனக்குப் பதினேழு பி. உண்மையை மறைத்தது, முத்திரையைத் தேய்த்துச் சேதப்படுத்தியது. உப்புத்தாள் விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. வீட்டில் போய்க் கேட்கவும் போவதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

டீக்காரர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் மேசையைத் தாண்டிப் போனார். என் டம்ளர் ஜன்னலில் கவிழ்ந்தபடி இருந்தது.

அவள் மேசையில் மலருக்கான படம் இருந்தது. போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண் கோடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டது.

“முப்பத்தொன்பதுதான் போட்டிருக்கே. நாப்பது வரணும். என் தாளைப் பாரு.”

“பார்த்தேன் சார். உங்க தாள்ல நாப்பது இருக்கு.” இழுப்பறையிலிருந்து அச்சையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்து என்முன் வைத்தாள். “இதுல முப்பத்தொன்பதுதான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன்.”

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணினேன். முப்பத்தொன்பது. மேல் விளிம்பை ஒட்டி, நாற்பதாவது இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. விரலால் தடவினேன். ஒன்றுமே தட்டுப்படவில்லை.

“அங்க முன்னாடி ஒண்ணு இருந்துதா சார்? இல்ல நீங்க ஒண்ணு கூடப் போட்டுட்டீங்களா?” என்றாள். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “இருந்துதுன்னு நீங்க உறுதியாச் சொன்னா நாப்பதே போட்டுடறேன்.”

பதினோரு நாள் வேலை. அதில் ஒரு கோடு தப்பாக இருக்கலாம், அல்லது தப்பே இல்லாமலும் இருக்கலாம். சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பித்தளை. அதை முப்பத்தொரு ஆயுத பூஜைக்கு உட்கார்ந்து தேய்த்தவன் நான்.

“தெரியலைம்மா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு முப்பத்தொன்பதையே அச்சுக்கு அனுப்பினாள்.